கான்டெஸாவின் நீலப் புகை

குருபரப்பள்ளியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஏற்றம் என்பதே பெரிதாகத் தெரியாது. எஞ்சினுக்குத் தெரியும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகக் கீழே. சூளகிரிப் பக்கம் பாரம் ஏற்றிய லாரிகள் கியரைக் குறைத்து முனகிக்கொண்டு ஏறுவதை நம் ரோட்டோரம் டீ குடித்த எவரும் பார்த்திருப்பார்கள். ஓசூரில் முப்பது வருஷம் லாரி எஞ்சின் டெஸ்டிங்கில் காலம் தள்ளிய எனக்கு இந்த ரோடே ஒரு டெஸ்ட் பெட்தான்.

எங்கள் தெருவில் ஒரு கான்டெஸா நிற்கிறது. 1996 மாடல், கரு நீலம். அதை ஆசையாக வாங்கி வைத்திருந்தவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. மகன் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். வண்டியை எடுத்தாலே பின்னால் நீலமாகப் புகை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணணும், அறுபதாயிரம் ஆகும்" என்றார். ஆர்.சி. புதுப்பிக்கும் நாள் வேறு நெருங்கிவிட்டது. இந்தப் புகையோடு கொண்டுபோனால் தேறாது. பழைய இரும்புக்கு எடுப்பவர் வந்து விலையும் பேசிவிட்டுப் போய்விட்டார். அவன் அம்மாவுக்கு மனசில்லை. வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

"மாமா, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. நீங்களும் போயிடுச்சுன்னா குடுத்துடறேன்" என்றான்.

கான்டெஸாவைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் வாக்ஸால் கார் ஒன்றை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் தொடங்கி 2002 வரை செய்த வண்டி. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினையே மாட்டினார்கள். அந்த உடம்புக்கு அது போதவில்லை. பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. இதை 'இந்தியாவின் மஸில் கார்' என்று இப்போது கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பேருக்கு வழிகாட்டிய 1964 பான்டியாக் ஜி.டி.ஓ.வின் எஞ்சின் 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர். நம்முடையது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நீண்ட பானெட்டும் அகன்ற முகமுமாக அது தெருவில் திரும்பும்போது மஸில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

புகைக்கு வருவோம். நிறம் எல்லோருக்கும் தெரியும்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அடங்காத வெள்ளை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஆனால் நிறம் சொல்வது பாதிதான். ஆயில் எரிகிறது, சரி. எந்த வழியாக உள்ளே வந்தது? கீழிருந்து ரிங் வழியாகவா, மேலிருந்து வால்வு வழியாகவா? முதலாவதற்கு எஞ்சினையே இறக்க வேண்டும். இரண்டாவதற்கு விரல் நுனியளவு ரப்பர் சீல்கள் எட்டு மாற்றினால் போதும். இதைச் சொல்வது புகை வரும் நேரம்.

அவனிடம் கேட்டேன். "காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வருதா?" "ஒரு குப்பை மேகம் மாதிரி வரும் மாமா, அப்புறம் குறைஞ்சுடும்." எனக்குப் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க நிற்கும்போது, விறைத்துப்போன சீல் வழியாக வால்வு தண்டில் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்கும். காலையில் அதுதான் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வரை போய் வந்தோம். ஏறும்போது மூன்றாவது கியரில் நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு நான் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். ரிங் தேய்ந்த எஞ்சின் பாரத்தில் புகைத்துக்கொண்டே ஏறும். இதில் ஒன்றுமில்லை. திரும்பி இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கச் சொன்னேன். சரிவு முடிந்ததும், "இப்போ மிதி" என்றேன். குபீரென்று நீலம்! பின்னால் வந்த பைக்காரர் திட்டிக்கொண்டே முந்திப் போனார்.

காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று போகும் வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டனோ இழுத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே வெற்றிடம் கூடி, வால்வு தண்டைச் சுற்றியுள்ள ஆயிலை உறிஞ்சிவிடும். என் லாரி டீசல்களில் காற்றை மூடும் அந்தக் கதவே கிடையாது; அதனால் இந்தக் குபீரை நான் அங்கே பார்த்ததே குறைவு. (டீசல்காரனுக்குப் பெட்ரோல் வண்டி என்ன தெரியும் என்று மெக்கானிக் கேட்டதாகக் கேள்வி. நியாயமான கேள்விதான்.)

ஆனால் ரோடு சொன்னதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. ஆயில் ரிங் தேய்ந்தாலும் சில சமயம் இறக்கத்தில் புகைக்கும். அந்த மெக்கானிக்கின் ஷெட்டிலேயே கம்ப்ரஷன் பார்த்தோம். நாலு சிலிண்டரும் 140-க்கும் 150-க்கும் நடுவில். பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ரிங் போயிருந்தால் முள் வெகுவாக ஏற வேண்டும். ஐந்தாறுதான் ஏறியது. ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டோம்; புஸ் புஸ்ஸென்று காற்றும் தள்ளவில்லை. மெக்கானிக் கேஜை ஒரு நிமிஷம் கையிலேயே வைத்துப் பார்த்தார். "சீல்தான் சார்" என்றார் அவரே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீலம் என்றாலே ரிங் என்பது பத்துக்கு ஆறு தடவை சரியாகத்தான் இருக்கும். இந்த வண்டி ஓடித் தேயவில்லை, நின்று ரப்பர் காய்ந்திருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

இதே எஞ்சின் பின்னாளில் அம்பாசிடரிலும் வந்ததால் சீல் கிடைப்பது கஷ்டமாக இல்லை, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் அலைந்து அவன் வாங்கி வந்தான். ஹெட்டை இறக்கவே இல்லை. பிளக் துவாரம் வழியாக நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் பிஸ்டன் கயிற்றை மேலே அழுத்தி வால்வு விழாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங்கை அழுக்கி லாக்கை எடுத்துச் சீலை மாற்ற வேண்டியதுதான். பழைய சீல்கள் விரலில் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தன. ஒன்றை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கூலியோடு எல்லாம் சேர்த்து ரூ.6,000-க்குள் முடிந்தது.

நீலம் நின்ற பிறகு லேசாகக் கறுப்பு தெரிந்தது. வண்டி கடைசியாக டியூன் ஆனது சென்னையில். இங்கே மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஓசூர் உயரத்தில் அடர்த்தி 8, 9 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே பெட்ரோலைத்தான் ஊற்றும். ஏர் ஃபில்டரை மாற்றி ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பியதும் அடங்கியது. புகைச் சான்றிதழ் கிடைத்தது, ஆர்.சி.யும் ஆயிற்று.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை போன். "மாமா, இப்போ வெள்ளையா வருது!" பனியில் நின்ற சைலன்சரில் தண்ணீர் கோத்திருக்கும், ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, இனிப்பு வாசம் ஏதும் அடிக்கிறதா பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் அம்மாவின் குரல் கேட்டது: "வாசமெல்லாம் ஒண்ணும் இல்லைங்கண்ணா, நின்னுடுச்சு. நாங்க கோயிலுக்குக் கிளம்பறோம்."