காளைக்கு இடமில்லாத ஊர்

ஒரகடம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மாவட்டத்துக்கு ஒரு சின்னம், ஊருக்கு ஒரு சின்னம் என்று வைத்துக்கொண்டு என்ன பெருமை! “நீ போயிருக்கிற மாவட்டத்துக்கு என்னடா சின்னம்?” என்று வேறு கேட்டிருக்கிறாய்.

அப்படி ஒன்றும் கிடையாது. காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகக் கடிதத்திலும் மாநில முத்திரைதான், 1949-இல் ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்தது. அதில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார்கள். இல்லை, எங்கள் மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். யார் ஜெயித்தாலும் காஞ்சிக்குப் பங்கில்லை.

ஒரு காலத்தில் காஞ்சிக்கும் சின்னம் இருந்தது. பல்லவர் காசிலும் செப்பேட்டு முத்திரையிலும் காளை. பின்னால் வந்த சோழர்கள் குசும்புக்காரர்கள். திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திரனின் செப்பேட்டு முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. கூடவே பாண்டியனின் இரண்டு மீனும் சேரனின் வில்லும். தோற்றவன் சின்னத்தை அழிக்காமல், தன் புலிக்குக் காவல் வைத்துவிட்டான்.

இப்போது இங்கே சின்னங்களுக்குப் பஞ்சமே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சாய்ந்த ‘எச்’. கம்பெனியும் வாடிக்கையாளரும் கைகுலுக்குவதாம்! ஒரகடத்தில் ரெனோவின் வைரம், நிசானின் உதயசூரியன் (நம்மூரில் அதற்கு வேறு அர்த்தம், உனக்குத் தெரியும்). எல்லாம் கடல் கடந்து வந்தவை. உன் ஊர் போர்ஷேயைப் பார். நடுவில் நிற்கிற குதிரை ஸ்டுட்கார்ட் நகரத்தின் சின்னம், சுற்றியுள்ள மான்கொம்பு வூர்ட்டம்பெர்க்குடையது. நாம் நிலத்தை எழுதிக்கொடுத்தோமே தவிர, காளைக்கு ஒரு மூலையில் இடம் கேட்கத் தோன்றவில்லை.

இன்று காலை ஸ்ரீபெரும்புதூர் போனேன். ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர். அவருடைய ‘தான் உகந்த திருமேனி’ சிலை அங்கேதான். கோயில் வாசலில் புத்தம்புது புல்லட் ஒன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ராயல் என்ஃபீல்டுக்கு 2013 முதல் ஒரகடத்திலும் ஆலை உண்டு. வண்டி பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே காதுகுத்து மாதிரி இருந்தது. பட்டர் சந்தனத்தைக் குழைத்து, டேங்க்கில் இருந்த கம்பெனிப் பெயர் மேலேயே அப்பி, குங்குமமும் வைத்தார்.

“சாமி, பேரு மறையுதே” என்றான் பையன்.

“காஞ்சா உதிர்ந்துடும்ப்பா, வண்டிய எடு” என்றார்.

உன்,
மாப்ளே