ஈரம்

நெஞ்சில் ஈரம் உள்ளவனே மனிதன் என்று பெரியோர் சொல்வார்கள். அந்த ஈரம் எவ்வளவு இருந்தாலும் தகும். ஆனால் ஒரு துளி ஈரமும் இருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கிருமி நீக்கத்துக்காக ஆவிக் கலத்துக்குள் செல்லவிருக்கும் அறுவைக் கருவிகளே அந்த இடம். இதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் தாயாருக்கு நான் செய்த ஒரு தவற்றின் வழியாகக் கற்றுக்கொண்டேன். அதை எழுதி வைத்தால் என் மனப் பாரம் குறையும். படிப்பவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

அம்மா தென்சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். அங்கே சி.எஸ்.எஸ்.டி. என்று ஒரு பிரிவு. அறுவை அரங்கில் பயன்பட்ட கத்தி, கத்திரி, இடுக்கி, கிண்ணம் எல்லாம் இரத்தக் கறையோடு அங்கேதான் வந்து சேரும். முதலில் என்சைம் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பிறகு தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலசுவார்கள். அதன்பின் ஒவ்வொன்றையும் விரித்து, மூட்டிலும் பல்லிடுக்கிலும் காற்றுக் குழலால் ஊதி, நூல் பிரியாத துணியால் ஒற்றி எடுப்பார்கள். ஈரம் போயிற்று என்று உறுதியான பிறகே கணக்குப் பார்த்துத் தட்டில் அடுக்கி, உறையிட்டுக் கட்டி, ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார்கள். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் நூறு கருவிகளைக் குவித்து வைத்தாலும், எது எந்தத் தட்டைச் சேர்ந்தது என்று தடுமாறாமல் பிரித்து வைப்பார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா தம் கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “இன்னிக்கு முப்பது ட்ரே. ஒவ்வொண்ணையும் விரிச்சு, காத்தடிச்சு, துடைச்சு… விரலெல்லாம் மரத்துப் போவுது.”

நான் இயற்பியல் படிப்பவன் அல்லவா? உடனே பேசிவிட்டேன். “எதுக்கும்மா இவ்ளோ பாடு? எப்படியும் அது ஆவியிலதானே வேகப் போவுது? ஆவின்னாலே தண்ணிதானே! நனையப் போற பொருளை யாராவது துடைப்பாங்களா?”

அம்மா சிறிது நேரம் என்னையே பார்த்தார். “அப்படியா கண்ணு? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அந்தச் சொல் எனக்கு இனித்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. அதன் ஆபத்தை அன்று நான் உணரவில்லை.

பத்து நாள் கழித்து, இரவுப் பணி முடிந்து காலையில் வந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தார். “ஒரு விளக்கக் கடிதம் எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது” என்றார்.

நடந்தது இதுதான். முதல் நாள் அறுவை அரங்கில் ஒரு கட்டைப் பிரித்திருக்கிறார்கள். மேலே ஒட்டியிருந்த நாடாவில் கோடுகள் முறைப்படி கறுத்திருந்தன. ஆனால் உள்ளே தட்டின் அடியில் நீர் தேங்கியிருந்தது, உறையும் நனைந்திருந்தது. செவிலியர் அந்தக் கட்டையே ஒதுக்கிவிட்டார். வேறு கருவிகள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவரை நோயாளியும் காத்திருந்தார், மருத்துவரும் காத்திருந்தார். நல்ல வேளையாக, நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்பே ஈரம் கண்ணில் பட்டுவிட்டது. கட்டில் இருந்த சீட்டைப் பார்த்தால் அது அம்மா கட்டியது.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “கருவிகளை ஈரம் போகத் துடைக்காமல் கட்டியது என் தவறு. அவசரத்தில் விட்டுவிட்டேன். இனி இவ்வாறு நேராது.” இரண்டாவது வாக்கியத்தில் என் பேனா நின்றது. அவசரம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். “எழுதுடா” என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். எழுதினேன். கீழே அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தம் பெயரை எழுதிக் கையொப்பம் இட்டார். கையெழுத்து அவருடையது, குற்றம் என்னுடையது.

அன்று வழக்கம்போல் தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இரயில் ஏறினேன். அந்த நிலையத்தின் பெயர்க் காரணத்தை நாம் அதிகம் நினைப்பதில்லை. காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இங்கே ஒரு நலவாழ்வு இல்லம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. அந்தக் காசநோயின் கிருமியை 1882-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் ஜெர்மனியின் இராபர்ட் கோக். அதற்கு முந்தைய ஆண்டு, 1881-இல், அவரும் அவர் தோழர்களும் வேறொரு சோதனை செய்திருந்தார்கள். கிருமிகளைக் கொல்ல வெறும் சூடான காற்று சிறந்ததா, நீராவி சிறந்ததா என்பதே கேள்வி. ஆவியே வென்றது. இன்றும் கணக்கு அப்படித்தான். உலர் வெப்பத்தில் 160 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலையை, 121 பாகையில் உள்ள அழுத்த ஆவி 15 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. 134 பாகையில் என்றால் மூன்று நிமிடம் போதும்.

இரயிலில் நின்றபடி இதையெல்லாம் எண்ணியபோது என் குழப்பம் கூடியது. ஈர வெப்பம்தான் கிருமியைக் கொல்கிறது என்றால், நான் சொன்னதில் என்ன பிழை? எங்கள் பேராசிரியரிடம் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஏம்பா, உள்ளுறை வெப்பம் படிச்சிருக்கே இல்ல? ஐந்து கிலோ எஃகுத் தட்டு ஒண்ணு வெச்சுக்கோ. கணக்குப் போட்டுப் பார்” என்றார்.

போட்டேன். எஃகின் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்குச் சுமார் 0.12 கலோரி. ஐந்து கிலோ எஃகு 30 பாகையிலிருந்து 134 பாகைக்கு ஏற 62,400 கலோரி வேண்டும். அதைக் கொடுப்பது ஆவி. குளிர்ந்த உலோகத்தின் மேல் ஆவி படிந்து நீராகும்போது, அந்த வெப்பநிலையில் கிராமுக்குச் சுமார் 516 கலோரியை விட்டுச் செல்கிறது. அப்படியானால் சுமார் 120 கிராம் ஆவி நீராக மாறியிருக்க வேண்டும். அதாவது, முழுக்க உலர்ந்த தட்டின் மேலும் உள்ளே போனதும் ஒரு சிறு டம்ளர் நீர் படியத்தான் செய்கிறது!

அந்த நீர் பின்பு எங்கே போகிறது? கலத்திலிருந்து ஆவியை வெளியேற்றி வெற்றிடம் ஆக்குகிறார்கள். அப்போது, எந்த வெப்பத்தை அந்த நீர் உலோகத்துக்குக் கொடுத்ததோ, அதே வெப்பத்தைத் திரும்பப் பெற்று ஆவியாகிப் போய்விடுகிறது. கொடுத்த கடனை வட்டியில்லாமல் வாங்கிக்கொண்டு போவதுபோல! அதனால்தான் நல்ல கட்டு உலர்ந்தே வெளியே வருகிறது.

ஆனால் நாம் துடைக்காமல் விட்ட நீர் அப்படிப்பட்டதல்ல. மூட்டுகளிலும் கிண்ணத்திலும் 50 கிராம் நீர் தங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது உலோகத்துக்கு எதையும் கொடுக்கவில்லை. தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே இன்னும் பத்து கிராம் ஆவியை நீராக்குகிறது. கடைசியில் வெற்றிடம் வரும்போது, தன்னிடம் உள்ள சூட்டைக் கொண்டு ஏறத்தாழ அந்தப் பத்து கிராமே ஆவியாக முடியும். மீதி 50 கிராமுக்குக் கொடுக்க உலோகத்திடம் வெப்பம் மிச்சமில்லை. கலத்தின் சுவர்ச் சூடு சிறிது உதவும். ஆனால் உலர்த்தும் நேரமோ அளவானது. நீர் கட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆவியின் ஈரம் வேறு, குழாய்த் தண்ணீரின் ஈரம் வேறு! உள்ளுறை வெப்பத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த எனக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை.

உள்ளே கிருமி செத்துவிட்டதே, ஈரம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். உறை உலர்ந்திருக்கும் வரைதான் அது கிருமிகளுக்கு வேலி. நனைந்துவிட்டால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல வெளியில் உள்ள நீரையும், நீரோடு கிருமியையும் உள்ளே இழுக்கும். நாடாவில் கோடு கறுப்பது, கட்டு வெப்பத்தைக் கண்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஈரக் கட்டு கிருமி நீங்காத கட்டாகவே கருதப்படும். அதைப் பிரித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கழுவிய கருவியை ஈரத்தோடு நெடுநேரம் வைத்தால், அந்த நீரில் கிருமிகள் பெருகும். பிறகு ஆவியில் அவை இறந்தாலும், சில வகைக் கிருமிகளின் உடலில் உள்ள நச்சுப்பொருள் அழியாது. அதை அழிக்க 250 பாகை உலர் வெப்பம் அரை மணி நேரம் வேண்டும். வெப்பம் தாங்காத கருவிகளுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துவார்கள். அந்த வாயு நீருடன் சேர்ந்தால் எத்திலீன் கிளைக்கால் ஆகிக் கருவியிலேயே படியும். ஹைட்ரஜன் பெராக்சைடு இயந்திரமோ, ஈரத்தைக் கண்டால் வெற்றிடம் கிடைக்காமல் பாதியிலேயே நின்றுவிடும்.

நம் பக்கத்துத் தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படியும். அத்தகைய உப்பு நீர்த்துளி கருவியின் மேலேயே காய்ந்தால், நீர் போய் உப்பு தங்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதில் உள்ள குரோமியம். தோல் பதனிடப் பயன்பட்டு நமது குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததும் அதுதான்! குரோமியம் எஃகின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து, ஊசிமுனை அளவு குழிகளை உண்டாக்கும். அந்தக் குழிகளில் அழுக்கு ஒளிந்துகொள்ளும். அதனால்தான் கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய நீர். அதன்பின் உடனே உலர்த்தல்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கைக் காட்டாமல் சொல்ல வேண்டுமே என்று, இட்லிப் பானை மூடியிலிருந்து சொட்டும் நீர் இட்லியைக் கெடுப்பதை உவமையாக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஈரக் கரண்டியை ஊறுகாய் ஜாடியில போட்டா பூசணம் பூக்கும்னு எனக்குத் தெரியாதா? கை தெரிஞ்சுதான் வெச்சிருந்துது. நீ படிச்சவனாச்சேன்னு கையை நிறுத்திட்டேன்.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “தப்பு என்மேலதாம்மா” என்றேன். “போவுது விடு. யாருக்கும் ஒண்ணும் ஆவலையே” என்றார். சற்று நேரம் கழித்து, “துடைக்கணும்னு சொன்னாங்களே தவிர, ஏன்னு இத்தனை நாளும் ஒருத்தரும் சொல்லலை. சொல்லியிருந்தா நீ சொன்னதுக்கு நானே பதில் சொல்லியிருப்பேன்” என்றார்.

இப்போது அம்மா, வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குத் துடைக்கக் கற்றுக்கொடுக்கும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்கிறாராம். ஊறுகாய் ஜாடியும் விளக்குத் திரியும் அதில் வருகின்றன. கலோரிக் கணக்கு வருவதில்லை. அதனால் ஒரு குறையும் இல்லை.

நண்பர்களே, நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் பலர் இருக்கிறோம். நாம் வகுப்பில் தவறாகச் சொன்னால் ஆசிரியர் திருத்துவார். தேர்வில் தவறாக எழுதினால் மதிப்பெண் குறையும். வீட்டில் தவறாகச் சொன்னால் திருத்துவார் இல்லை. நம்மை நம்பி அதன்படி நடந்துவிடுவார்கள். அதற்கான தண்டனையையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

அம்மா இன்றும் என்னிடம் வேலையைப் பற்றி ஏதாவது கேட்கிறார். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால், “தெரியலைம்மா. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்” என்கிறேன்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்