தமிழில் படித்த பிள்ளைக்கு ஸ்பானிய வகுப்பு

லொஸ் ஏஞ்சல்ஸ்

அன்புள்ள மருமகளுக்கு,

காலி வீதியில் இருக்கிற முகவர் சொன்னதாக நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கலிபோர்னியாவில் முதலில் கொமியூனிட்டி கொலிஜ், பிறகு பல்கலைக்கழகம் என்றால் ஸ்பானியம் கட்டாயமாம். கொழும்பிலேயே வகுப்புக்குச் சேரட்டாம், காசை இப்பவே கட்டட்டாம். காசைக் கட்டாதே, பிள்ளை. ஆனால் ஸ்பானியம் படி, அதுவும் இங்கே வந்து.

கொமியூனிட்டி கொலிஜ் என்றதும் உன் அம்மா முகத்தைச் சுளித்திருப்பாள். வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று அவளுக்கு எண்ணம். எங்கட நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புகளின் இடங்களில் 40 சதவீதம் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் பரீட்சை எழுதிய பிள்ளையை அந்தக் கணக்கு எப்படி நெரிக்கும் என்பது வெள்ளவத்தையில் எந்த வீட்டிலும் தெரியும். இங்கே 1960இல் ஒரு திட்டம் போட்டார்கள். பள்ளியை முடித்தவர் யாராயிருந்தாலும் கொலிஜுக்குள் வரலாம், நுழைவுத் தேர்வு கிடையாது. இரண்டு வருடத்தில் 60 அலகுகளை நல்ல புள்ளிகளோடு முடித்தால், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கே விண்ணப்பிக்கலாம். மாநிலத்தில் இப்படி 116 கொலிஜுகள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் இவற்றிலிருந்து வருகிறவர்களே. டேவிஸ், ஏர்வைன், சன்ரா பார்பரா உட்பட ஆறு வளாகங்கள் சில நிபந்தனைகளோடு இடத்தை முன்கூட்டியே உறுதி செய்தும் தருகின்றன. பெர்க்லியும் லொஸ் ஏஞ்சல்ஸும் அப்படி உறுதி தருவதில்லை.

இனி ஸ்பானியம். நெடுங்காலம் இங்கே பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களிடம் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி கேட்டார்கள். ஸ்பானியம்தான் வேண்டும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்த விதிக்குள்ளேயே இன்னொரு வழியும் இருந்தது: ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் ஆங்கிலம் அல்லாத மொழிமூலத்தில் படித்திருந்தால் போதும், ஒரு பாடமும் எடுக்க வேண்டியதில்லை. சைவ மங்கையர் வித்தியாலயத்திலோ கொட்டாஞ்சேனை விவேகானந்தாவிலோ தமிழ்மூலம் படித்த பிள்ளை அந்தத் தகுதியைக் கையோடு கொண்டுதான் விமானம் ஏறுகிறது. 2025 இலையுதிர் பருவத்தில் வந்த புதிய பொதுப் பாடத்திட்டத்தில் அந்த மொழி நிபந்தனை இல்லை. ஆனாலும் பெர்க்லியிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் கலைப் பிரிவில் பட்டம் வாங்க மொழித் தேர்ச்சி காட்ட வேண்டும். முகவர் உன்னிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த மொழிமூலத்தில் படித்தாய் என்பது. கேட்கவே இல்லை என்கிறாய்.

அவரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. மொழி என்றால் விசாவுக்கான தடை என்றே எங்கட ஆட்களுக்குப் பழகிவிட்டது. ஜேர்மனியில் இருக்கிறவரைக் கலியாணம் கட்டிப் போக 2007இலிருந்து ஜேர்மன் மொழியில் ஏ1 பரீட்சை, ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு ஐஈஎல்ரிஎஸ். தமிழ்மூலம் படித்ததைச் சொல்லவே கூச்சப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலமூலம் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அந்தக் கலைப் பட்டத்துக்கு இங்கே வந்து புதிதாக ஒரு மொழி படிக்க வேண்டி வரலாம் என்று சொல்லிப் பார், அம்மா நம்பமாட்டாள்.

பிறகு ஏன் ஸ்பானியம் படிக்கச் சொல்கிறேன்? இந்த மாநிலத்தில் பத்துப் பேரில் நாலு பேர் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள். நீ தாதியாகவோ ஆசிரியையாகவோ கணக்காளராகவோ வந்தாலும் எதிரே இருப்பவர் அந்த மொழியில் பேசத் தொடங்குவார். இன்னொன்று, வெளிநாட்டு மாணவர் விசாவில் ஒவ்வொரு பருவமும் குறைந்தது 12 அலகு எடுத்தே ஆக வேண்டும். முதலாம் நிலை ஸ்பானியம் வழக்கமாக ஐந்து அலகு. உன் 60இல் அதுவும் சேரும், வீணாகாது. செலவுதான் கடிக்கும். மாநிலத்தவர் ஓர் அலகுக்கு 46 டொலர் கட்டுகிற இடத்தில் நீ பல மடங்கு கட்டுவாய். ஆகவே பிடிக்காமல் எடுக்காதே.

பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். மாலை வகுப்பில் நான் படித்தபோது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறிய இடங்களில் எனக்குச் சுகமாக இருந்தது. ‘போனேன்’ என்றாலே போனது நான் என்று தெரிகிற மாதிரி அங்கேயும் வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதையும் எங்களைப் போலவே ‘எனக்கு’ என்றுதான் தொடங்குவார்கள். பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் பார்ப்பதுதான் தலையிடி. மேசை பெண்ணாம், அலுமாரி ஆணாம். அந்த மேசையும் அலுமாரியும் பாணும் சப்பாத்தும் துவாயும் போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போனவை, ஸ்பானியத்திலும் கிட்டத்தட்ட அப்படியே வரும். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலையும் ஸ்பெயினையும் ஒரே அரச குடும்பம் ஆண்டது. 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசரிடம் விழுந்தபோது ஸ்பெயினின் மூன்றாம் பிலிப்தான் போர்த்துக்கலுக்கும் அரசன். யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் முடி போனது அவன் ஆட்சியில். வகுப்பில் இதைச் சொன்னேன், ஆசிரியை மெக்சிக்கோக்காரி, எங்களுக்கும் ஸ்பானியரோடு கணக்கு இருக்கிறது என்று சிரித்தா.

இப்போது செய்ய வேண்டியது: பள்ளிக்கூடம் போய், ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்மூலம் படித்தாய் என்று அதிபரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கு. தேர்ச்சி அறிக்கைகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடு. கொலிஜின் மாணவர் ஆலோசகருக்கு மின்னஞ்சலில் இரண்டையும் அனுப்பி, நீ போக நினைக்கிற வளாகம் எதை ஏற்கும் என்று எழுத்தில் கேள். அந்தப் பதிலுக்கு அவர்கள் காசு வாங்கமாட்டார்கள்.

அன்புடன்,
மாமா