அப்பப்பாவின் அம்ப்ளிஃபையரும் ஒரு "ம்ம்ம்" சத்தமும்

பாலையூற்றில அப்பப்பா வீட்டுக் கட்டிலுக்குக் கீழ, சாக்குக்குள்ள சுத்திக் கிடந்தது அது. ஒரு ஜூக்பொக்ஸின் வயிற்றுக்குள் இருந்த வால்வு அம்ப்ளிஃபையர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலத்தில், 18 வயதில் அவர் வேலை செய்த தேத்தண்ணிக்கடைக்குக் கைமாறி வந்ததாம். பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. 1990இல் இடம்பெயர்ந்தபோது இதை மட்டும் ஒரு வீட்டில் கொடுத்து வைத்துவிட்டுப் போனார். இப்போது அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. "ஒருக்கா பாட விட்டுக் காட்டுங்கோ பிள்ளையள்" என்றார்.

தகட்டில் 117 வோல்ட் என்றிருந்தது, அமெரிக்கச் சாமான். எங்கட 230இல் நேரே செருகினால் புகைதான். ட்ரான்ஸ்ஃபோர்மர் ஒன்றை இரவல் வாங்கிக் கொழுவினோம். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு வந்தது பாருங்கோ ஒரு இரைச்சல், வண்டுக்கூட்டுக்குள்ள தலையை விட்ட மாதிரி!

டவுனில் ஒரு கடைக்காரர் "உள்ளுக்க இருக்கிறதைக் கழட்டிப்போட்டு ஐசி போர்ட் போடுவம்" என்றார். பிறகு அது அப்பப்பாவின்ர அம்ப்ளிஃபையரா? திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

வொலியூமைக் குறைத்தாலும் இரைச்சல் குறையவில்லை. அப்படியென்றால் பிழை வொலியூமுக்குப் பிறகுதான். ஒவ்வொரு முறையும் கரண்டை நிறுத்தி, முன்பக்கத்து வால்வுகளை ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்த்தோம், இரைச்சல் அப்படியே. கடைசி இரண்டு பெரிய வால்வுகளைக் கழற்றியதும்தான் அடங்கியது. ஃபோனில் ஒலி அலைவரிசை காட்டும் அப் ஒன்றும் ஓடவிட்டிருந்தோம். உச்சி 100 ஹேர்ட்ஸில் நின்றது. இதுதான் பெரிய துப்பு. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஏர்த் பிழை, வயர் பிழை என்றால் பெரும்பாலும் 50 கேட்கும். முழு அலையையும் நேராக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு மிஞ்சுகிற அலை அதன் இரட்டிப்பு. அதை விழுங்க வேண்டியவை ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். அவை உள்ளே காய்ந்துபோயிருந்தன.

பிளக்கைக் கழற்றியாச்சு என்று எங்களில் ஒருத்தன் கையை விடப் போனான். மற்றவன் மீட்டரை வைத்தான்: 300க்கு மேலே! பெரிய வால்வுகள் இல்லாததால் தேங்கின கரண்ட் வடிய வழியில்லாமல் நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. அப்பப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ரெசிஸ்டர் ஒன்றைக் கொழுவி வடித்து, மீட்டர் பூச்சியம் காட்டிய பிறகுதான் கை வைத்தோம்.

450 வோல்ட் தாங்கும் புதுக் கெப்பாசிட்டர்கள் கொழும்பில் இருந்து வரும்வரை வேலை அப்படியே கிடந்தது. போட்டதும் பெரிய இரைச்சல் போய்விட்டது. ஆனால் அடியில் மெல்லிசாக இன்னொன்று, இது 50. உள்ளே பாட்டு போகிற வயரின் கவசக் கம்பி கடல் காற்றில் பச்சை பிடித்து, ஏர்த்தோடு தொடுப்பு விட்டுப்போயிருந்தது. சுரண்டி, ஈயம் வைத்தோம்.

ஞாயிறு பின்னேரம் அப்பப்பாவை ஸ்பீக்கருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்திவிட்டு, ஃபோனைக் கொழுவினோம். முதலில் வந்தது சவர்க்கார விளம்பரம். அதையும் கண்ணை மூடி முழுசாகக் கேட்டார்.