நீண்ட சொல்லும் நன்னூற் பயிற்சியும்

எமது கல்லூரி மாணாக்கர் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. அதனைப் பகுத்தறியுங் கருவி தமிழ் வகுப்பிலேயே அவர் கையில் உள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலிற் பகுபதத்துக்கு ஆறு உறுப்புகள் வகுத்தார். ஆறுமுக நாவலர் (1822–1879) காண்டிகையுரையால் அந்நூலை எம்மவர்க்கு எளிதாக்கினார்.

யான் கற்ற காலத்தில் எமது தமிழாசிரியர் ‘நடந்தனன்’ என்னுஞ் சொல்லை இருவகையாகப் பிரித்துக் காட்டுவார். இலக்கணத்தில் அது நட, த், த், அன், அன் என ஐந்தாகும். முதற் தகரமெய் நகரமெய்யாய்த் திரிந்தது விகாரம். யாப்பிலோ ‘நடந்’, ‘தனன்’ என ஈரசையே. முன்னையது பொருள் நோக்கிய பிரிப்பு. பின்னையது ஓசை நோக்கிய பிரிப்பு.

அரசியலமைப்புக்கு முரணாக என்று பொருள்படும் ‘அன்கொன்ஸ்டிடியூஷனலி’ என்னும் ஆங்கில வினையடையை இவ்வாறே நோக்குவோம். பொருள்வழியிற் ‘கொன்ஸ்டிடியூட்’ என்பது பகுதி. அதனோடு ‘இயன்’ சேரப் பெயர். ‘அல்’ சேரப் பெயரடை. ‘லி’ சேர வினையடை. முன்னே நின்ற ‘அன்’ எதிர்மறை. ‘லி’ எமது ‘ஆக’ போன்றது. பகுதியின் ஈற்றொலியும் ‘இயன்’ என்பதும் புணர்ந்து ‘ஷன்’ என ஒலித்தல் விகாரம் போன்றதே. ஓசைவழியில் அன், கொன், ஸ்டி, டியூ, ஷ, ன, லி என ஒலிக்கூறுகள் ஏழு.

தமிழ்நாவுக்குப் பழக்கமில்லாத ஒன்றும் இங்குண்டு. ஆங்கிலத்தில் ஒரு கூற்றை அழுத்தி ஏனையவற்றை மெலிவித்தல் வேண்டும். ‘கொன்ஸ்டிடியூட்’ என்புழி அழுத்தம் ‘கொன்’ மீது விழும். ‘இயன்’ வந்ததும், அது தனக்கு முன்னுள்ள ‘டியூ’ மீது அவ்வழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். பின்வரும் ‘அல்’, ‘லி’ அதனை இடம்பெயர்ப்பதில்லை.

இஃது ஏட்டுக் கல்வி மாத்திரமன்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அன்றைய அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானதென, தமிழ் அரசாங்க ஊழியரான கோடீஸ்வரன் தொடுத்த வழக்கிற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் தீர்த்தது. மேல்மன்றங்கள் அவ்வினாவுக்கு முடிவு கூறுமுன்னரே, 1972 இல் அவ்வரசியலமைப்பே நீங்கிற்று. அழுத்தம் ‘டியூ’ மீது விழினும், ஓரினத்தின் நியாயம் முழுதும் முன்னே நின்ற சிறிய ‘அன்’ மீதே தங்கியிருந்தது. இருவகைப் பிரிப்பும் அறிந்தவனே சொல்லை ஆள்வான்.