தனித்திருக்கும் கல்

ராஜகிரிக்குப் படியேறும்போது பலரும் கோட்டைச் சுவரைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் பாறைக்குத்தான் போகும். 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததும், 1698-ல் அது முகலாயர் கைக்குப் போனதும் இந்தக் கிரானைட்டுக்கு நேற்று நடந்த சங்கதி. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு.

கிரானைட்டுகளின் வயதைச் சொல்லும் சாட்சிகளில் ஒன்று மோனசைட். சீரியம், லாந்தனம், தோரியம் எல்லாம் சேர்ந்த பாஸ்பேட் கனிமம். கிரானைட்டில் கண்ணுக்கே தெரியாத மணியாக இருக்கும். பாறைக்குழம்பின் நீர் மிகுந்த கடைசி மிச்சம் உறைந்து உருவாகும் பெக்மடைட்டில்தான் கையில் எடுத்துப் பார்க்கிற அளவுக்கு வளரும். தேன் நிறம் அல்லது செம்பழுப்பு, பிசின் போன்ற மினுக்கம். கடினத்தன்மை 5 முதல் 5.5 வரைதான்; நல்ல கத்தியால் கீறிவிடலாம். ஆனால் கனம்! குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65 என்றால் இதற்குச் சுமார் 5.

உருவாகும்போது மோனசைட் ஈயத்தை அநேகமாக உள்ளே விடாது. பிற்பாடு அதில் இருக்கும் ஈயம் தோரியமும் யுரேனியமும் சிதைந்து வந்தது. தோரியம் பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டு ஆகும். ஈயத்தை அளந்தால் வயது தெரியும். எங்க பாஷையில், பாறை தானே எழுதிக்கொள்ளும் லாக் ஃபைல்.

1829-ல் பிரைத்தௌப்ட் என்ற ஜெர்மானியர், தனித்திருத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். குமரிக் கடற்கரையில் அது தனியாக இல்லை. மலை கரைந்து ஆற்றோடு வரும்; அலை லேசான மணலை அடித்துப்போக, கனமானது தங்கிவிடும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம். மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது.

என்னோடு மலையேறிய நண்பன் அந்தக் கரைக்காரன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நின்றான். "மக்கா, எங்க அம்மைக்குக் கேன்சர் வந்தது இதுனாலயா?"

கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே மணல்மேல் வாழும் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வந்தது; கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. சொன்னேன்.

"எழுவதாயிரம் பேரு சரிடே. அதுல எங்க அம்மை இல்லியே."

அவன் ஆய்வை மறுக்கவில்லை. அது பக்கத்துக் கரையைப் பற்றியது. ஒருத்திக்கு ஏன் வந்தது என்று அது சொல்லவும் முடியாது. 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்தபோது, பயப்படத் தேவையில்லை என்று மட்டும் சொன்னால் போதாது என எனக்குப் பட்டது. அவர்கள் கரையில், அவர்கள் வீடுகளில் அளந்து, கணக்கை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.