முதல் ஊசிக்கு முன்

2025 ஜூன் 9, திங்கள்

குளச்சலிலிருந்து ஆறு வயதுப் பெண் குழந்தை. ரத்தப் புற்றுநோய். இரண்டு புறங்கையிலும் காலிலும் பிளாஸ்திரி. "நரம்பே கெடைக்கல்லன்னு சொன்னாவ டாக்டர்" என்றாள் அம்மா. அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம், அதனால் கூடவே இருக்கிறார்.

புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். இந்தக் கைகளில் வழக்கமான சிறு ஊசிக்குழாயான வென்ஃப்ளானை நம்பி அதை ஏற்ற முடியாது. பிக் லைன்தான்: மேல்கையில் நுழைந்து இதயத்தின் வாசல்வரை போகும் மெல்லிய குழாய். மாதக்கணக்கில் இருக்கும்.

சாயங்காலம் ஸ்கேன் வைத்து அளந்தேன். கையைக் கட்டாமல் பார்த்தால் பேசிலிக் நரம்பு 2.6 மில்லிமீட்டர். குழாய் நரம்பின் அகலத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். குழாய் அளவில் 4 பிரெஞ்சு என்பது 1.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இவளுக்கு ஆகாது. 3 பிரெஞ்சு, 1 மில்லிமீட்டர். அதுவே போதும்.

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. "வலிக்குமா?" என்று கேட்டாள். "நீ உறங்கிருவே மக்ளே" என்றேன். மயக்க மருத்துவர் கெட்டமின் கொடுத்தார்.

ஸ்கேன் ப்ரோபின் பாரத்துக்கே குழந்தையின் நரம்பு படுத்துவிடும். ஜெல்லியைத் தாராளமாக வைத்து, சுண்டுவிரலை அவள் கையில் ஊன்றி, தொட்டும் தொடாமலும் பிடித்தேன். திரையில் கருவட்டங்கள். லேசாக அமுக்கினால் மூடிக்கொள்வது நரம்பு. மூடாமல் துடிப்பது தமனி. ஊசிமுனை ஒரு வெண்புள்ளி. அது தெரிந்ததும் ஊசியை நிறுத்தி, ப்ரோபை மயிரிழை முன்னே நகர்த்தினால் புள்ளி மறையும். மறுபடி தெரியும்வரை ஊசியைத் தள்ள வேண்டும். மாறி மாறி இப்படியே. ரத்தம் வந்ததுமே வழிகாட்டிக் கம்பியை உள்ளே விட அவசரப்படக் கூடாது. முனை சுவரிலேயே நின்றிருக்கலாம். வட்டத்தின் நடுவில் புள்ளி நிலைத்த பிறகே கம்பி, அதன்மேல் குழாய். சுவீடனின் செல்டிங்கர் 1953-ல் எழுதிய அதே வரிசை.

இசிஜியில் பி அலை உயர்ந்து உச்சம் தொட்ட இடத்தில் நிறுத்தினோம். எக்ஸ்ரேயும் ஒத்துக்கொண்டது.

ஜூன் 12, வியாழன்

வயிற்றுப்போக்கில் வற்றிய கைக்குழந்தை ஒன்றுக்கு நேற்று இரவு வேறொரு மருத்துவமனையில் நெடுநேரம் நரம்பு தேடியிருக்கிறார்கள். ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்ததாம். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தைக் காரணம் சொன்னார்களாம். அந்தச் சட்டம் வேண்டும். பெண் குழந்தைகளுக்காக வந்தது அது. ஆனால் 2012-ல் சேர்ந்த விதி, பதிவான கட்டடத்துக்குள் உள்நோயாளிக்குக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. குழந்தைகள் வார்டுக்கென்றே ஒரு கருவியைப் பதிவு செய்து வைத்தால் என்ன? எல்லாரும் குத்திப் பார்த்துத் தோற்ற பிறகு கொண்டுவரும் பொருளாக அது இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குள் நல்ல நரம்புகள் வீங்கிப் பாழாகிவிடுகின்றன.

ஜூலை 7, திங்கள்

குளச்சல் குழந்தையின் லைன் சுத்தமாக இருக்கிறது, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. வின்கிறிஸ்டின் தவணைகள் இதுவரை அதன் வழியாகவே போயின. சில நாளுக்கு ஊருக்குப் போகிறார்கள். கடலில் குளிக்கலாமா என்று கேட்டாள். குழாயை எடுத்த பிறகுதான் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

வாராவாரம் சலைன் விட்டுக் கழுவ, அவர்கள் வீட்டுப் பக்கத்துச் செவிலியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். போனில் சொன்னேன்: 10 மில்லி சிரிஞ்சு மட்டும், சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கலாம். கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளணும். தடை இருந்தால் பலம் காட்டாமல் என்னைக் கூப்பிடணும், எந்த நேரமானாலும். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டினார்.